அரிவாட் கலமும் அலட்சியத்தின் வரலாறும்

1904 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, பல் வைத்தியம் கற்கச் சிக்காகோ நகருக்கு வந்திருந்த கிரெனடாத் தீவின் கறுப்பின மாணவர் ஒருவர் நோயுற்று வைத்தியசாலையிற் சேர்ந்தார். அவரது குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கிய இளம் வைத்தியர் ஏர்ணஸ்ட் அயன்ஸ், வட்டமாயிருக்க வேண்டிய செங்கலங்கள் பல அரிவாள்போல் வளைந்திருக்கக் கண்டார். அவருக்கு மேலான வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் 1910 இல் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். ஹெரிக்கின் பெயர் வைத்திய நூல்களில் நிலைத்தது. நோயாளியின் பெயரோ அக்கட்டுரையில் இல்லை. வால்ட்டர் கிளெமென்ற் நோயல் என்ற அப்பெயரை ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தது 1989 இல். அவர் இறந்தது 1916 இல். இந்நோயின் வரலாறு முழுவதும் இச்சிறு செய்தியில் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

அரிவாட் கல நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வருவது. இதன் வேர் ஈமோகுளோபினிலே இருக்கிறதென்பதை 1949 இல் லைனஸ் போலிங்கும் அவருடைய சகாக்களும் நிறுவினர். ஒட்சிசனை இழந்ததும் இந்த ஈமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது; கலம் விறைத்து வளைகிறது; நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுகின்றன. அப்போது எலும்பிலும் முதுகிலும் மார்பிலும் எழும் நோவு நாட்கணக்கில் மனிதனை வதைக்கும்.

இதனை வரவிடாமற் காக்கும் முதல் வழிகள் எளியவை: போதிய நீர் அருந்துதல், குளிரில் உடலைக் காத்தல், அளவு கடந்து களைக்காதிருத்தல், தொற்று நோய்களுக்கு இடங்கொடாதிருத்தல். எளியவைதாம். ஆயினும் நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு ஓய்வையும், ஒழுகும் குடிசையில் வாழ்பவனுக்குக் கதகதப்பையும் எந்த வைத்தியர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்?

அமெரிக்காவில் இதனைக் 'கறுப்பரின் நோய்' என்றே நெடுங்காலம் அழைத்தனர். உண்மையில் இது தோலின் நிறத்தைத் தொடர்ந்து வந்ததன்று; மலேரியாவைத் தொடர்ந்து வந்தது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இவ்வியல்பைப் பெற்றவரை அது கொடிய மலேரியாவிலிருந்து பெரிதும் காப்பதால், மலேரியா மலிந்த நிலங்களிலே நிலைத்துவிட்டது. நீலகிரி மலைவாழ் மக்களிடமும் அது உண்டென 1952 இல் கண்டறியப்பட்டது.

ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது; அதனோடு புறக்கணிப்பும் ஒட்டிக்கொண்டது. 1970 இல் வைத்தியர் றொபேட் ஸ்கொட் ஒரு கணக்கை வெளியிட்டார். 1967 இல் அமெரிக்காவில் இந்நோய்க்குப் புதிதாக ஆளானோர் ஏறத்தாழ 1,155 பேர். வெள்ளையரிடையே மிகுந்த சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் நோய்க்கு ஆளானோர் 1,206 பேர். தொண்டு நிறுவனங்கள் பின்னதற்குத் திரட்டியது 19 இலட்சம் டொலர்; முன்னதற்கு ஓர் இலட்சத்துக்கும் குறைவு. 1971 இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் தமது இலவச வைத்திய நிலையங்களில் குருதிப் பரிசோதனையைத் தொடங்கினர். மக்களின் குரல் உரத்தபின் 1972 இல் தனிச் சட்டம் பிறந்தது.

அதன் பின்னரே பயன்கள் கனிந்தன. சிறு குழந்தைகளுக்கு நாளும் இருவேளை பெனிசிலின் கொடுத்தால் கொடிய தொற்று 84 வீதம் குறையுமென 1986 இல் நிறுவப்பட்டது. கருவிலிருந்து கொண்டுவந்த ஈமோகுளோபினே பச்சிளங் குழந்தையை இந்நோயிலிருந்து காக்கிறதென 1948 இலேயே ஜனெற் வாட்சன் கருதியிருந்தார். அந்த ஈமோகுளோபினைப் பெருக்கவல்ல ஐதரொட்சியூரியா 1869 இலேயே ஜேர்மனியில் ஆக்கப்பட்ட பொருள். ஆயினும் அது நோவைத் தடுக்குமென்பது 299 பேரிடம் செய்த ஆய்வினால் உறுதியானது 1995 இலேதான். மருந்தில்லாத மாத்திரை பெற்றோரை நோவு ஆண்டுக்கு நடுத்தரமாக 4.5 தடவை தாக்க, மருந்து பெற்றோரை 2.5 தடவையே தாக்கியது.

2023 இல் அமெரிக்கா இரு மரபணுச் சிகிச்சைகளுக்கு அனுமதி வழங்கியது. ஒவ்வொன்றின் விலையும் 20 இலட்சம் டொலருக்கு மேல். இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளிற் பெரும்பாலானோரோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளிற் பிறக்கின்றனர். அங்கோலா, கொங்கோ, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளின் குழந்தைகளிடம் நடந்து 2019 இல் வெளியான ஆய்வு, வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கும் ஐதரொட்சியூரியா நோவையும் மரணத்தையும் குறைப்பதைக் காட்டியுள்ளது.

விஞ்ஞானம் தன் கடமையிற் பெரும்பகுதியைச் செய்திருக்கிறது. பழைய மாத்திரையும் பெனிசிலினும் தூய நீரும் அக்குழந்தையின் குடிசை வாசலை அடையச் செய்வது சமுதாயத்தின் கடமை. அக்கடமையை நினைவூட்டிக்கொண்டே இருப்பது கற்றவராகிய நமது பொறுப்பாகும்.