தியாகச் சிகரமும் உடையார்குடிக் கல்வெட்டும்

தியாகச் சிகரம், கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையின் ஐந்தாம் பாகம், நிறைவுப் பாகம். ஆதித்த கரிகாலனின் கொலை, கடம்பூர் மாளிகை எரிதல், நந்தினியின் மறைவு, அருள்மொழிவர்மன் மணிமுடியை விட்டுக்கொடுத்தல் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. கொலை நிகழும் கடம்பூரும், கொலையாளிகளின் பெயரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டும் இன்றைய கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் உள்ளன. கல்வெட்டில் பெயர்கள் தெளிவாக இருந்தும் நாவல் கொலையாளியை இருளிலேயே விட்டது. இந்த முரண் வாசகர்களிடையே இன்றும் விவாதிக்கப்படுகிறது.

வெளியீடு

பொன்னியின் செல்வன் ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வெளிவந்தது. மணியம் ஓவியங்கள் வரைந்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என்பவை ஐந்து பாகங்கள். மொத்தமுள்ள 293 அத்தியாயங்களில் 91 நிறைவுப் பாகத்தில் உள்ளன. தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார்.

கதைக்களம்

ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதோடு கதை தொடங்குகிறது. இன்று வீராணம் எனப்படும் இந்த ஏரி, முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அவனுடைய விருதுப்பெயர். கொள்ளிடத்து நீர் வடவாறு வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி வயல்களுக்குப் பாசனம் தரும் இந்த ஏரியிலிருந்து இன்று சென்னைக்கும் குடிநீர் செல்கிறது.

வந்தியத்தேவன் முதல் இரவில் தங்கும் இடம் கடம்பூர் சம்புவரையர் மாளிகை. அங்கே நடக்கும் நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை அவன் காண்கிறான். நிறைவுப் பாகத்தில் கதை அதே மாளிகைக்குத் திரும்புகிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உள்ள மேலக்கடம்பூரே இந்தக் கடம்பூர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. தேர் வடிவில் அமைந்த அமிர்தகடேசுவரர் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. நாவலில் வரும் மாளிகை கற்பனை. வரலாற்றில் புகழ்பெற்ற சம்புவரையர்கள் பிற்காலத்தில் வடதமிழகத்தின் படைவீட்டுப் பகுதியை ஆண்டவர்கள்.

கதைச் சுருக்கம்

புயலிலும் கடல் பொங்குதலிலும் இப்பாகம் தொடங்குகிறது. வானில் தெரிந்துவந்த தூமகேது மறைகிறது. தஞ்சையில் சுந்தர சோழர் மீது எறியப்பட்ட ஆயுதத்தைத் தன்மேல் ஏற்று ஊமைராணி மந்தாகினி உயிர் விடுகிறாள். கடம்பூரில் நந்தினியின் அறையில் கரிகாலன் இறந்து கிடக்கிறான். மாளிகை தீப்பற்றி எரிகிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காக்க மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் தானே கொன்றதாக அறிவித்துத் தன்னை மாய்த்துக்கொள்கிறார். செம்பியன் மாதேவியின் உண்மை மகன் சேந்தன் அமுதன் என்பது வெளிப்படுகிறது. அருள்மொழிவர்மன் தனக்கென வந்த முடியை அவனுக்குச் சூட்டுகிறான். சேந்தன் அமுதனே உத்தம சோழனாகிறான். மணிமேகலையின் மரணத்தோடு கதை முடிகிறது.

திகில் புனைவின் கூறுகள்

ஐரோப்பிய இலக்கியத்தில் ‘காத்திக்’ எனப்படும் புனைவு வகை, ஹோரஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலோடு தொடங்குவதாகச் சொல்லப்படுகிறது. பழைய கோட்டை, சுரங்கவழி, உரிமையற்றவன் கையில் அரசு, வெளிவரத் துடிக்கும் குடும்ப ரகசியம், ஆவி பற்றிய அச்சம் ஆகியவை அவ்வகையின் அடையாளங்கள்.

இவை அனைத்தும் பொன்னியின் செல்வனில் உள்ளன. கடம்பூர் மாளிகையில் ரகசிய வழி இருக்கிறது. சுந்தர சோழர், இறந்துவிட்டதாகத் தான் நம்பும் பெண்ணின் ஆவியைக் கண்டு பல ஆண்டுகள் அஞ்சுகிறார். பட்டத்துக்கு உரியவனாக வளர்ந்தவன் மாற்றி வைக்கப்பட்ட குழந்தை. இவற்றின் நடுவே நிறைவேறாத காதல் ஒன்று இருக்கிறது. நந்தினியும் கரிகாலனும் இளமையில் அன்பு கொண்டவர்கள். அவள் மன்றாடியும் கேளாமல் அவன் வீரபாண்டியன் தலையை வெட்டுகிறான். அந்த வெட்டு அவளைப் பழிவாங்கத் தூண்டுகிறது, அவனை வாழ்வில் வெறுப்புற வைக்கிறது. இறுதிச் சந்திப்பில் கொல்ல வந்தவளின் உறுதி குலைகிறது. கொல்லப்பட வேண்டியவனோ சாவைத் தேடி நிற்கிறான்.

கல்கியின் கதையில் ஆவிகள் உண்மையானவை அல்ல. அஞ்சப்பட்ட ‘ஆவி’ உயிரோடு இருக்கும் பெண் என்றும், அவளைப் போல் வேடமிட்ட நந்தினி என்றும் விளக்கம் கிடைக்கிறது. ஒவ்வொரு மர்மத்துக்கும் இப்படி விளக்கம் தரும் நாவல், விளக்கேற்றாமல் விட்டது கரிகாலன் கொலையை மட்டுமே.

உடையார்குடிக் கல்வெட்டு

காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. இது ஏறத்தாழ பொ.யு. 987-ஐச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை இது குறிப்பிடுகிறது. இவர்கள் உடன்பிறந்தவர்கள். இவர்களுடைய உறவினர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யுமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை வந்தது.

கல்வெட்டு நிலம் பற்றிய ஆவணம். கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று அது சொல்லவில்லை. தூண்டியவர் யார் என்றும் சொல்லவில்லை. ‘பிரமாதிராசன்’ என்பது சோழ அரசில் உயர் அதிகாரிகள் பெற்ற பட்டம். ஆகவே கொன்றவர்கள் அரசுக்கு நெருக்கமானவர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

இந்த இடைவெளி குறித்து வரலாற்றாசிரியர்கள் மாறுபட்டனர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, 1935-இல் முதற்பகுதி வெளிவந்த தம் சோழர் வரலாற்று நூலில் உத்தம சோழன் மீது ஐயம் எழுப்பினார். கொலைக்குப் பின் ஆட்சிக்கு வந்தவன் அவன். நடவடிக்கையோ இராசராசன் காலத்துக் கல்வெட்டில்தான் காணப்படுகிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார், அப்பல்கலைக்கழக வெளியீடான தம் பிற்காலச் சோழர் வரலாற்று நூலில் உத்தம சோழனுக்குத் தொடர்பில்லை என்ற கருத்தை முன்வைத்தார். அந்நூலின் முதற்பகுதி வெளிவந்தது 1949-இல். அடுத்த ஆண்டு கல்கியின் தொடர் தொடங்கியது.

நாவலின் முடிவும் வரலாறும்

கல்கி கல்வெட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டார். ரவிதாசன், சோமன் சாம்பவன், பரமேச்சுவரன் ஆகியோர் நாவலில் வீரபாண்டியனின் ஆபத்துதவிகளாக வருகின்றனர். ஆனால் அவர்களைச் சோழ அதிகாரிகளாகக் காட்டவில்லை. பாண்டியப் பழிவாங்கல் என்ற காரணமும் கடம்பூர் என்ற இடமும் கல்கியின் கற்பனை. கல்வெட்டு உள்ள ஊருக்கு அருகிலேயே கொலைக்களத்தை அமைத்தது தற்செயல் அன்று எனக் கருத இடமுண்டு.

முடியைத் துறக்கும் நிகழ்வுக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. சிற்றப்பன் ஆட்சியை விரும்பும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. இச்செய்தியையே கல்கி பாகத்தின் தலைப்பாகவும் உச்சமாகவும் ஆக்கினார். உத்தம சோழன் மீதான ஐயத்துக்கு அவர் கண்ட கதைவழி தனித்தன்மை கொண்டது. சதியில் சேர்ந்த மதுராந்தகன் ஒருவன், முடிசூடிய உத்தம சோழன் வேறொருவன் எனப் பிரித்ததால் ஐயம் ஒருவன் மேலும் அரியணை மற்றொருவனிடமும் சேர்ந்தன.

கொலையாளியைச் சொல்லாமல் விட்டதில் வாசகர் பலர் நிறைவடையவில்லை. கல்கி தனி முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால வாழ்வை விளக்கினார். பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற தொடர்ச்சியை எழுதினார். மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரண்டாம் பாகம் (2023) ஆள்மாற்றத்தைக் கைவிட்டு, மதுராந்தகனுக்கே முடிசூட்டியது.

மதிப்பீடு

கடம்பூர் மாளிகையில் கரிகாலன் மாண்டதை வரலாற்றுச் செய்தியாகவே நம்புவோர் உண்டு. உண்மையில் நாவல் அந்த இடத்தில் தான் அறியாததை அறிந்ததாகக் காட்டவில்லை. சான்று நின்றுபோகும் இடத்தில் கல்கி அறையின் விளக்கை அணைத்தார். மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது பயன் தரும். கல்வெட்டில் பெயர்கள் உண்டு, காரணம் இல்லை. நாவலில் காரணங்கள் பல உண்டு, கொன்ற கை மட்டும் தெரியவில்லை.