மனுவை ஏஐ எழுதினால் தப்புக்கு யார் பொறுப்பு? வக்கீல்களுக்கு இருக்கும் கடமைகள் என்ன?

செட்டியார்பட்டியில் ஒருவருக்கு நிலத் தகராறு என்றால் ராஜபாளையம் கோர்ட்டுக்கோ, மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போக வேண்டும். பத்திரம், பட்டா எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுவார். அந்த வக்கீல் சாட்ஜிபிடியில் மனு எழுதினால் அது தப்பா?

தப்பில்லை. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் ஏஐ-க்குத் தடை எதுவும் இல்லை. சரிபார்க்காமல் தாக்கல் செய்வதுதான் சிக்கல்.

இல்லாத தீர்ப்பு வந்தது எப்படி?

நியூயார்க்கில் ஏவியன்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த 6 தீர்ப்புகளை வக்கீல் தரப்பு மேற்கோள் காட்டியது. ஆறுமே போலி! "இது உண்மையா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டதற்கு, "ஆமாம்" என்றது. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

காரணம் இதுதான்: இதுபோன்ற ஏஐ, தீர்ப்பைத் தேடி எடுக்காமலேயே தீர்ப்பு போலத் தோன்றும் வாக்கியங்களை அடுக்கித் தந்துவிடும்.

இந்தியாவிலும் 2024 டிசம்பரில், பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற, அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டது.

வக்கீலின் 3 கடமைகள்

சரிபார்ப்பு: மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூலத்தில் படித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக் கூடாது.

ரகசியம்: கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிட பாரதிய சாக்ஷ்ய அதினியம் 132-வது பிரிவு தடை போடுகிறது. பெயர், சர்வே எண், குடும்பப் பிரச்னையை அப்படியே பொது ஏஐ செயலியில் போட்டால், அந்தத் தகவல் வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும்.

பொறுப்பு: "ஏஐ சொல்லுச்சு" என்று தப்பிக்க முடியாது. தொழில் நெறி மீறல் நிரூபணமானால் 35-வது பிரிவின்படி பார் கவுன்சில் கண்டிக்கலாம், தற்காலிகமாகத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம்.

கட்சிக்காரர் என்ன செய்யலாம்?

"மனுவுக்கு ஏஐ பயன்படுத்துறீங்களா? தீர்ப்பெல்லாம் பார்த்துட்டீங்களா?" என்று வக்கீலிடம் தயங்காமல் கேட்கலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 'இ-எஸ்சிஆர்' தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். போலி தீர்ப்பால் வக்கீலுக்கு அபராதத்தோடு முடியலாம். கட்சிக்காரருக்கோ நிலமே கைவிட்டுப் போகலாம்.