கிரகணமும் கணக்கும்: அளவையில் நேரும் வழுக்கள்

ஆலயக் கொடியேற்றத்துக்கு நாட் குறிப்பதாயினும், திருமணத்துக்கு முகூர்த்தம் வைப்பதாயினும், பிதிர்க்கடனுக்குத் திதி பார்ப்பதாயினும் நாம் முதலிற் புரட்டுவது பஞ்சாங்கமே. அங்ஙனம் புரட்டுமிடத்து ஒரு சங்கடம் நேர்கின்றது. வாக்கியம் ஒரு நாழிகை சொல்கின்றது. திருக்கணிதம் வேறொரு நாழிகை சொல்கின்றது. சில ஆண்டுகளில் ஒரு விரதமே இரு நாளில் வந்துவிடுகின்றது. “எது சரி?” என்று இருபக்கத்தாரும் சினந்து வாதிடுகின்றனர். “ஏன் வேறுபட்டது?” என்று வினாவுவார் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு விடை வரலாற்றிலே உண்டு. அதனை வாலிபராகிய நாம் ஆராய்தல் தக்கது.

வழுவின் வகைகள்

அளத்தல் எங்குண்டோ அங்கு வழுவும் உண்டு. விஞ்ஞானிகள் வழுவை ஒழித்தவரல்லர். அதனை இனம் பிரித்தவர்கள். எண்ணை மாற்றி எழுதுதல், வரிசை தப்பி வாசித்தல் போல்வன வெறுந் தவறுகள். மீண்டும் சரிபார்த்தால் அவை அகப்படும். எழுமாற்று வழு வேறு. ஒரே நீளத்தைப் பத்து முறை அளந்தால் சிறிது கூடியும் சிறிது குறைந்தும் வரும். பன்முறை அளந்து சராசரி கண்டால் இது தேயும். நூறு முறை அளந்தாற் பத்திலொன்றாகக் குறையும். மூன்றாவதாகிய முறைமை வழுவே கொடியது. இடுக்கிமானியிற் பூச்சிய வழு இருப்பின் ஆயிரம் முறை அளந்தாலும் அதே பிழை அதே திசையில் வந்துகொண்டேயிருக்கும். நான்காவது மட்டந்தட்டல் வழு. முடிவில்லாத எண்ணை ஓரிடத்தில் வெட்டி நிறுத்துவதால் இது பிறக்கின்றது. வெட்டியது அற்பமாயினும் கணக்கு நீளநீள அதுவும் வளரும்.

வாக்கியமும் சோகியும்

நம் முன்னோர் சந்திரனின் நிலையை நாள்தோறும் புதிதாகக் கணித்தாரல்லர். 248 நாளுக்குரிய நிலைகளை 248 வாக்கியங்களாக்கி, எழுத்துக்கு எண் என்ற முறையில் மனனஞ் செய்தனர். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் இவையே. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிகக் கிட்டிய நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாளாகும். இதனை ஒன்பதாற் பெருக்கினால் 247.991 நாள் வரும். அதனையே 248 என மட்டந்தட்டினர். எஞ்சிய 0.009 நாள் ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம். வட்டந்தோறும் அது சேர்ந்துகொண்டே போகும்.

அதனை அவர்கள் அறியாதிருந்தாரல்லர். ஆதலாற்றான் 3031 நாள் என்றும் 12372 நாள் என்றும் பெருவட்டங்கள் வகுத்தனர். 27.5546 நாளை 110 முறை அடுக்கினால் 3031 நாளோடு ஏறத்தாழ முற்றும் பொருந்தும். சிறு வட்டத்திற் சேரும் வழுவைப் பெருவட்டத்திற் கழுவிவிடும் உபாயம் இது. பதினான்காம் நூற்றாண்டிலே சங்கமக்கிராமத்து மாதவர், கலையளவில் நின்ற வாக்கியங்களை விகலையளவுக்கு நுணுக்கி அமைத்தார். கலையின் அறுபதிலொன்று விகலை. மட்டந்தட்டல் வழுவோடு நம்மவர் நூற்றாண்டுகளாகப் போராடினர் என்பதற்கு இவை சான்று.

புதுச்சேரியிற் கண்டவை

1761 ஆம் ஆண்டு சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார் லெ ஜான்தீல் என்னும் பிரெஞ்சு வானியலார். அவர் வந்துசேருமுன் நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடலிலே கப்பலில் நின்று பார்த்தார். ஆயினும் ஆடுங் கப்பலில் நாழிகையை நுட்பமாக அளத்தல் ஆகாது; தாம் நின்ற தீர்க்கரேகையும் திட்டமாகத் தெரியாது. கண்டதொன்றும் கணக்குக்கு உதவவில்லை. எட்டாண்டு காத்திருந்து 1769 இல் புதுச்சேரியிலேயே கருவிகளை நிறுத்தினார். அன்று மேகம் மூடிற்று.

எனினும் அவர் வெறுங்கையராய் மீளவில்லை. தமிழ்ப் பிராமணரிடம் நமது கணித முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 ஆந் தேதிச் சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கோடு ஒப்பிட்டார். அது 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவிலே புகழ்பெற்ற தோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 விநாடி மிகுந்திருந்தது. ஆக அன்று தமிழ்க் கணக்கே மெய்க்கு அணித்தாயிற்று.

இதனைக் கேட்டு நாம் பெருமைப்படலாம். ஆயின் இத்தோடு நின்றுவிடலாகாது. 1825 இல் ஜோன் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அக்கணிதர் நிலத்திலே சோகி பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களைக்கொண்டே அவ்வாண்டு மே 31 ஆந் தேதி இரவுக் கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வேறுபாடு, தொடக்கத்தில் 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். அதிலும் தொடக்கத்து வேறுபாடு ஒரு பக்கமாகவும் மற்றவை எதிர்ப்பக்கமாகவும் இருந்தன. எனவே கிரகணத்தின் மொத்த அளவிலே 56 நிமிடம் பிழைத்தது. தொடக்கத்தை மட்டும் பார்த்தவர் “அற்புதம்” என்பார். முடிவை மட்டும் பார்த்தவர் “பொய்” என்பார். இருவரும் முழுமையை அறியாதவர். ஒருமுறை பொருந்துதல் நுட்பத்துக்குச் சான்றாகாது. வழுக்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டாலும் விடை சரியாகத் தோன்றக் கூடும்.

வட்டுக்கோட்டைக் கிரகணம்

நமது ஈழநாட்டு நிகழ்ச்சி இனி வருவது. 1829 மார்ச் மாதத்துச் சந்திரகிரகணத்தை விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்திற் குறித்திருந்தார். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவர் தானியேல் பூவர் பாதிரியார் அதனை மறுத்தார். தொடக்கத்தில் 15 நிமிடமும், கால அளவில் 24 நிமிடமும், மறைவின் அளவிற் பிம்பத்திற் காற்பங்கும் பிழை என்பது அவர் கணக்கு. கிரகணம் வந்தது, பாதிரியார் கணக்கே பொருந்திற்று. மிஷனரிமார் இதனை நமது புராணங்களுக்கு எதிரான சான்றாகவும் எடுத்துரைத்தனர்.

மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மிற் பலர்க்கு இக்கதை தலைகுனிவாகத் தோன்றலாம். அது வேண்டியதில்லை. பழைய மூல எண்களிலேயே முறைமை வழு தங்கியிருந்தது. ஆரியபடர் 499 ஆம் ஆண்டையொட்டி வகுத்த வருட அளவு 365.25868 நாள், இன்றைய அளவையின்படி நட்சத்திர வருடம் 365.25636 நாள். ஆண்டுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட வேற்றுமையே இது. கருவியின்றி வெறுங்கண்ணால் இவ்வளவு கிட்டியமை வியப்பன்றோ! ஆயினும் ஆயிரம் ஆண்டில் அஃது இரண்டு நாளுக்கு மேலாகின்றது. சாஸ்திரியார் எத்துணை கவனமாகக் கூட்டினும் இவ்வழு நீங்காது. வானத்தை மீள நோக்கி மூல எண்ணைத் திருத்தினாலன்றி வேறு வழியில்லை. திருக்கணிதத்தின் நோக்கம் அதுவே. இந்திய அரசு 1952 இல் மேகநாத சாகாவின் தலைமையிற் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்ததும் இக்காரணம் பற்றியே. மேலும், பிழைத்தது ஓர் எண், சிவபத்தி அன்று. மேயரின் அட்டவணை 68 விநாடி தவறியதால் கிறித்துவம் தவறிவிடவில்லையே!

கணினியும் விலக்கன்று

“இக்காலத்திற் கணினி கணிக்கின்றது; அதிற் பிழையேது?” என்பாருமுளர். 1991 பெப்ரவரி 25 ஆந் தேதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஓர் அமெரிக்க ஏவுகணைக் காவற்கருவி, வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறிற்று. 28 போர்வீரர் மாண்டனர். அக்கருவி காலத்தை விநாடியின் பத்திலொரு பங்காக எண்ணியது. ஒன்றும் பூச்சியமும் மட்டுமே அறிந்த கணினியிற் பத்திலொன்று முடிவுறாத எண்ணாகும். அதனை 24 இலக்கத்தில் வெட்டியிருந்தனர். வெட்டுண்டது விநாடியின் கோடியில் ஒரு பங்களவே. நூறு மணிநேரம் நிறுத்தாமல் ஓடியபின் அது 0.34 விநாடியாயிற்று. அதற்குள் அவ்வேகத்து ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கு மேற் சென்றுவிடும். இடையே கருவியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தாற் சேர்ந்த வழு பூச்சியமாகியிருக்கும். சோகி வைத்தவர் பெருவட்டத்தாற் செய்ததும் அதுதானே!

நமது கரையில்

தூரத்துக் கதைகளை விட்டு நம்மூருக்கு வருவோம். கல்முனை யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 1.8 பாகையில் உள்ளது. ஆதலால் இங்கே சூரியன் ஏழு நிமிடம் முந்தி உதிக்கின்றான். அட்சரேகை வேற்றுமையால் மார்கழியில் இது கூடும், ஆனியிற் குறையும். யாழ்ப்பாணத்து உதயத்துக்கென எழுதிய நாழிகைக் கணக்கைப் பாண்டிருப்பிலோ காரைதீவிலோ அப்படியே கையாண்டாற் சுமார் பதினெட்டு விநாடிகை பிழைப்போம். இது நூலின் குற்றமன்று. இடத்தை மறந்த நமது முறைமை வழு. நம் அயலவராகிய முஸ்லிம் சகோதரர் பிறை காணும் மாலையிலும் இத்தகைய வினாக்களே எழுகின்றன. அடிவானத்து முகில், பார்ப்பவர் கண், நின்ற இடம், கொழும்பிலும் எட்டு நிமிடம் முந்திச் சாயும் நம் சூரியன் ஆகிய யாவும் எண்ணப்பட வேண்டியவை. ஒரே வானத்தை நோக்கும் இரு சமூகத்தாரும் ஒருவர் இடர்ப்பாட்டை ஒருவர் எளிதில் உணரலாம்.

காரைதீவிலே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் படித்தவர், விஞ்ஞானப் பட்டதாரி, பின்னர்த் துறவு பூண்டு, பழந்தமிழ் இசையின் சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலை வெளியிட்டவர். பத்தியும் அளவையும் ஒரு நெஞ்சில் இணங்கி வாழும் என்பதற்கு நமது மண்ணே சான்று தந்திருக்கின்றது.

ஆகவே வாலிபர்களே, அடுத்த முறை இரு பஞ்சாங்கம் இரு நாழிகை சொல்லும்போது குரலை உயர்த்துவதற்குமுன் நான்கு வினாக்களைக் கேட்போம். எண்ணை வாசித்ததில் தவறுண்டா? நோக்கியதிற் சிதறலுண்டா? மூல எண் பழையதா? எங்கே வெட்டி நிறுத்தினர்? இவற்றுக்கு விடை கண்டபின்னும் மரபுவழி நிற்போர் நிற்கட்டும். திருத்தத்தை ஏற்போர் ஏற்கட்டும். யாதாயினும் அறிந்து செய்வோம். வழுவை மறைப்பது முன்னோர்க்குச் செய்யும் மரியாதையன்று. அவர் விட்ட இடத்திலிருந்து அளந்து செல்வதே மரியாதை.