இனமும் இயல்பும்: நெகிரி செம்பிலான் தோட்டங்கள் காட்டும் வரலாறு

மனிதனுக்கு ஆற்றலை அளிப்பது பிறப்பா, வளர்ப்பா என்னும் வினா மிகப் பழமையானது. அண்மைக் காலத்தில் அதனை மீண்டும் எழுப்பியது ஒரு விளையாட்டு என்றால் வியப்புத் தோன்றலாம். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராக மாறி ஆடுவது அது. பின்வந்த பதிப்புகளில் ஒவ்வோர் இனத்திற்கும் பிறவிக் குணம் விதிக்கப்பட்டது. குள்ளர் உடலுறுதி மிக்கவர். எல்ஃபு இனத்தார் விரைவு மிக்கவர். ஓரினம் மற்றோரினத்தை விஞ்சிவிடாதிருக்க, ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்துச் சமன் செய்தனர்.

நம் ஆடுபுலி ஆட்டத்திலும் இச்சமன்பாடு உண்டு. மூன்று புலிகளுக்கு வெட்டும் ஆற்றல். பதினைந்து ஆடுகளுக்கு எண்ணிக்கையே ஆற்றல். பலகையில் இது தீங்கற்றது. மனிதரையே காய்களாக்கி ஆடினால் என்ன நேரும்? அதற்கு விடை கூறுவது தோட்டப்புற வரலாறு.

ஆட்சியாளர் வகுத்த சமநிலை

நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராயிருந்த சர் பிரெடரிக் வெல்டு, 1887ஆம் ஆண்டில் இலண்டனுக்கு ஒரு கருத்தை எழுதியனுப்பினார். சீனரின் பெரும்பான்மையை இந்தியர் வருகையால் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு அரசியல் காரணங்களும் உண்டு என்பதே அதன் சாரம். தமிழன் இந்நாட்டிற்குத் தருவிக்கப்பட்டதில் கூலித் தேவையோடு இத்தராசுக் கணக்கும் கலந்திருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிராயின. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இருப்புப்பாதை இணைத்தது. காடு தோட்டமாயிற்று, தோட்டத்திற்கு ஆள் வேண்டியதாயிற்று. 1907இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைந்தது. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை மட்டும் 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது.

இனத்திற்கு ஒரு குணம்

இக்காலத்தில் துரைமார் எழுதிவைத்த குறிப்புகளில், விளையாட்டின் விதிநூல் போன்றதொரு பட்டியலைக் காணலாம். தமிழன் பணிவுள்ளவன், சீனன் உழைப்பாளி, ஆனால் அடங்காதவன், மலாய்க்காரன் சோம்பேறி, சீக்கியன் காவலுக்கு உரியவன், யாழ்ப்பாணத்தான் எழுத்து வேலைக்கு ஏற்றவன். கண்டறியப்பட்ட குணங்களா இவை? அல்ல; கூலியை வகுப்பதற்கென வகுக்கப்பட்டவை. இந்தியருக்கு நாட்கூலியைக் குழு விதித்தது. சீனரோ குத்தகை முறையில் மிகுதியாகப் பெற்றனர். 'பணிவு' என்று புகழப்பட்ட குணத்தின் விலை, குறைந்த கூலியே.

இவ்விதிகள் பொய்யென்பதற்குச் சான்றுகள் பல. சோம்பேறி எனப்பட்ட மலாய்க் குடியானவர், நெகிரி செம்பிலானிலும் தாமே முன்வந்து ரப்பர் நட்டனர். 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் கட்டுப்பாடு சிறுதோட்டக்காரரையும் கட்டுப்படுத்தியது. சோம்பேறிக்குக் கட்டுப்பாடு எதற்கு? பணிந்தே கிடப்பான் எனப்பட்ட தமிழன், 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நிமிர்ந்து நின்றான். சீனருக்கு இணையான கூலி வேண்டும் என்றான். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றான். முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். பணிவு பிறவிக் குணமாயின் இப்போர் எழுந்திருக்குமோ? பேராசிரியர் சைட் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூல், சோம்பேறிச் சுதேசி என்பது முதலாளித்துவக் குடியேற்ற ஆட்சி புனைந்த கட்டுக்கதை என்று நிறுவியது.

பள்ளியின் பங்கு

எனினும், பிறர் சூட்டிய குணத்தைச் சுமந்தவன் நாளடைவில் அதனைத் தன் இயல்பென நம்பத் தொடங்குகிறான். கொடுமையினும் கொடுமை இதுவே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயின் பல தோட்டங்களில் பள்ளியென்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் பெரும்பாலும் கங்காணியோ கிராணியோ. சில வகுப்போடு படிப்பு நின்றது. பிள்ளை பால்மரத்தடிக்குச் சென்றான். படிக்க வழியடைத்துவிட்டு, 'தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு வராது' என்றனர். வறுமையின் விளைவு பிறவிக் குணமாக எழுதப்பட்டது.

தொடக்கத்தில் கூறிய விளையாட்டும் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் தன் விதியை மாற்றிக்கொண்டது. 'இனம்' என்ற சொல் நீங்கியது. ஆற்றலைக் கூட்டும் எண்கள், கதைமாந்தர் வளர்ந்த பின்னணியோடு இணைக்கப்பட்டன. கற்பனை உலகமே ஏற்றுக்கொண்ட இவ்வுண்மையை வகுப்பறை ஏற்கத் தயங்கலாகாது. மாணவனின் ஆற்றலை அவன் பிறந்த லயத்தைக் கொண்டு அளக்கும் ஆசிரியர், துரையின் பட்டியலையே தம் கையால் படியெடுக்கிறார். அப்பட்டியலைக் கிழிப்பதே தமிழாசிரியரின் முதற்பணி.