கேசட்டில் வளர்ந்த ரசிகர் மன்றம்: அமெரிக்க அனிமே ரசிகர் இயக்கத்தின் தொடக்கக் காலம்

இன்று அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன்கள் 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டு ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஒளிபரப்பானது. 1966இல் வெள்ளைச் சிங்கக்குட்டி கிம்பாவும் 1967இல் 'ஸ்பீட் ரேசர்' தொடரும் வந்தன. ஆனால் இவற்றைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இவை ஜப்பானில் எடுக்கப்பட்டவை என்றே தெரியாது. பெயர்கள் மாற்றப்பட்டு, ஆங்கிலக் குரல் சேர்க்கப்பட்டு, ஊரின் அடையாளம் துடைக்கப்பட்டே அவை திரைக்கு வந்தன. ரசித்தவர்கள் ஏராளம், ஒன்றுகூடிய ரசிகர்கள் இல்லை. முதல் ரசிகர் மன்றம் தோன்ற மேலும் 14 ஆண்டுகள் ஆயின. ரசனை முன்பே இருந்தது. பார்த்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவிதான் இல்லை. அந்தக் கருவி வந்ததும் மன்றம் வந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1976இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், அங்கு வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களுக்காக ஓர் உள்ளூர் அலைவரிசை ராட்சத ரோபோ தொடர்களை ஒளிபரப்பத் தொடங்கியது. 'பிரேவ் ரைதீன்' அவற்றுள் ஒன்று. பேச்சு ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில வரிகள். தற்செயலாக அந்த அலைவரிசைக்குத் திருப்பிய அமெரிக்க இளைஞர்கள் சிலர் அசந்துபோனார்கள். அவர்கள் அறிந்த கார்ட்டூனில் ஒவ்வொரு வாரக் கதையும் அந்த வாரத்தோடு முடிந்துவிடும். இங்கே கதை வாரம் தாண்டி நடந்தது. போரில் செத்தவர்கள் செத்தவர்களாகவே இருந்தார்கள்.

சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ பதிவுக் கருவி 1975இல்தான் விற்பனைக்கு வந்திருந்தது. வீட்டில் பதிவுக் கருவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவரான மார்க் மெர்லினோ, தாம் பதிவு செய்தவற்றை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். அவரும் ஃபிரெட் பேட்டனும் வேறு சிலரும் சேர்ந்து 1977 மே மாதம் 'கார்ட்டூன்/ஃபேன்டசி ஆர்கனைசேஷன்' என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக சி/எஃப்.ஓ. பேட்டன் தொழிலால் நூலகர். ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகங்களை வரவழைத்து விற்ற கடை ஒன்றில் பங்காளியாகவும் இருந்தவர். அந்த ஊரின் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கம் 1934 முதல் இயங்கிவருவது. வாரக் கூட்டம், பொறுப்பாளர்கள், சைக்ளோஸ்டைல் இதழ் என்று சங்கம் நடத்தும் பழக்கம் அங்கே ஊறிப்போயிருந்தது. புதிய மன்றம் அந்த மடியில்தான் பிறந்தது. அதன் பெயரில் ஜப்பான் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'அனிமே' என்ற சொல்கூட அங்கே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. 'ஜாப்பனிமேஷன்' என்றுதான் பின்னும் பல ஆண்டுகள் சொன்னார்கள்.

உள்ளூர் ஒளிபரப்பு தீர்ந்ததும் கேசட்டுகள் எங்கிருந்து வந்தன? ஜப்பானிலிருந்தே, தபாலில். அங்கிருந்த அறிவியல் புனைகதை ரசிகர்கள் அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' தொடருக்கு ஏங்கினார்கள். அமெரிக்க ரசிகர்கள் ரோபோக்களுக்கு ஏங்கினார்கள். பண்டமாற்று நடந்தது. இதற்குத் துணை நின்றது ஒரு தொழில்நுட்பத் தற்செயல். இரு நாடுகளிலும் தொலைக்காட்சி என்.டி.எஸ்.சி. முறையில் இயங்கியதால், டோக்கியோவில் பதிவான கேசட் கலிஃபோர்னியாவில் அப்படியே ஓடியது. பி.ஏ.எல். முறை இருந்த பிரிட்டனிலோ இந்தியாவிலோ சாதாரண டெக்கில் அதே கேசட்டைப் போட்டால் படம் சரியாக வந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்கு ஆய்வாளர்கள் இன்னும் கூடுதல் கனம் தர வேண்டும் என்பது என் கருத்து.

அந்தக் கேசட் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு டெக்குகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவு செய்வார்கள். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. நாலாவது நகலுக்கு வரும்போது சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டிக் கசியும், முகங்கள் மங்கும், திரையின் அடியில் வெள்ளைக் கீறல்கள் ஓடும். நடுநடுவே ஜப்பானிய விளம்பரங்களும் வரும். பெரும்பாலோருக்கு மொழி தெரியாது. மௌனப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை சொன்னவரைப் போல, கதை தெரிந்த ஒருவர் சொல்லிக்கொண்டே போவார். அல்லது தட்டச்சு செய்த கதைச்சுருக்கத் தாள் கையிலிருக்கும். இவ்வளவு சிரமப்பட்டுப் பார்த்தவர்களைச் சும்மா பொழுதுபோக்கியவர்கள் என்று ஒதுக்க முடியாது.

ஜப்பானில் இதே ஆண்டுகளில் வேறொரு வழியில் ரசிகர் இயக்கம் எழுந்தது. 1974 அக்டோபரில் தொடங்கிய 'யமாட்டோ' விண்கப்பல் தொடர், எதிர் அலைவரிசையின் 'ஹைடி' தொடரோடு போட்டியிட முடியாமல் 26 பகுதிகளோடு முடிந்தது. ரசிகர் மன்றங்கள் அதைக் கைவிடவில்லை. 1977 ஆகஸ்டில் அதன் திரைப்படத் தொகுப்பு வெளியானபோது இளைஞர்கள் விடிய விடிய வரிசையில் நின்றார்கள். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் நடந்த முதல் 'காமிக் மார்க்கெட்' சந்தையில், ரசிகர்களே அச்சிட்ட இதழ்களோடு கடை விரித்தவை 32 குழுக்கள். வந்தவர்கள் சுமார் 700 பேர், பெரும்பாலும் பள்ளி மாணவிகள். அங்கே ஆயுதம் காகிதம், இங்கே காந்த நாடா.

1979இல் யமாட்டோ 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு சான் டியாகோ காமிக்-கானுக்குத் தெசுகாவே நேரில் வந்து தமது 'ஃபீனிக்ஸ் 2772' படத்தைத் திரையிட்டார். அமெரிக்க ரசிகர்களிடையே ஜப்பானியப் படங்களை அறிமுகப்படுத்தியதற்காகப் பேட்டனுக்கு அங்கே 'இங்க்பாட்' விருது வழங்கப்பட்டது. சி/எஃப்.ஓ.வுக்குப் பல நகரங்களில் கிளைகள் முளைத்தன. 1983இல் டாலஸில் யமாட்டோவுக்கென்றே தனி மாநாடு கூடியது.

நகலெடுத்தது சட்டப்படி சரியா என்ற கேள்வி அன்றே இருந்தது. உரிமம் பெற்று விற்க எவரும் முன்வராத சந்தையில், காசு வாங்காமல் கைமாறிய அந்த நகல்களே பின்னாளில் வாங்குவோரை உருவாக்கின. இதைத் திருட்டு என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. எண்பதுகளின் இறுதியில் அமிகா கணினியும், கணினி எழுத்தைப் படத்தின் மேல் பொருத்தும் ஜென்லாக் கருவியும் கொண்டு ரசிகர்களே ஆங்கில வரிகளைப் பதிக்கத் தொடங்கினார்கள். விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, உரிமம் பெற்ற பதிப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி. 1988இல் உரிமம் பெற்று வெளியிடும் ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ், அனிமெய்கோ போன்ற நிறுவனங்கள் தோன்றின. பேட்டனும் பின்னர் ஸ்ட்ரீம்லைனில் வேலைக்குச் சேர்ந்தார். மன்றத்தில் சேராமலே கேசட் கிடைக்கும் காலம் வந்தது. 1989இல் நாடு தழுவிய அமைப்பாக இருந்த சி/எஃப்.ஓ. கலைந்தது, லாஸ் ஏஞ்சலஸ் கிளை மட்டும் தன் போக்கில் கூடிவந்தது.

அந்தக் கால நாடாக்கள் ஆண்டுக்கு ஆண்டு அழிந்துவருகின்றன. தாள்கள் தப்பியிருக்கின்றன. பேட்டன் 2005இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பின், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த இதழ்களும் துண்டறிக்கைகளும் புத்தகங்களும் ஏறத்தாழ 900 பெட்டிகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக நூலகத்தைச் சேர்ந்தன. 2018இல் அவர் காலமானார். பெட்டிகள் அந்த நூலகத்தின் அறிவியல் புனைகதைகளுக்கான ஈட்டன் தொகுப்பில் உள்ளன.