நடுகல் முதல் வீர் சக்ரா வரை: அண்ணாமலை நாட்டில் வீழ்ந்த வீரரைப் போற்றிய மரபு

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை செங்கம் சாலையில் சிறிது தூரம் சென்று, பிறகு வலப்புறம் திரும்பி அடி அண்ணாமலையை அடைகிறது. அப்படித் திரும்பாமல் அதே சாலையில் நேரே மேற்கே சென்றால் செங்கம். பல்லவர் கால நடுகற்கள் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்த நிலப்பகுதி இதுதான். சண்டையில் விழுந்த எளிய வீரனுக்கு ஊரும் உறவும் நாட்டிய கற்கள் அவை. இன்று குடியரசு வழங்கும் வீரப் பதக்கங்களை ஐரோப்பியப் படை மரபின் கொடையாக மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பதக்கத்தோடு வாசிக்கப்படும் பாராட்டுரையைச் செங்கத்துக் கல்வெட்டுகளோடு வைத்துப் படித்தால் வேறொரு வரலாறு புலப்படும். அதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீழ்ந்தவனுக்குக் கல் நடும் வழக்கம் மிகப் பழையது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. ஆநிரை கவர்வதும் மீட்பதும் அக்காலப் போரின் முதல் வடிவம். மாடுதான் செல்வம் என்பதால், அதைக் காக்க நின்றவன் ஊரைக் காக்க நின்றவனானான். கல்லைத் தேர்ந்து காண்பதிலிருந்து நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுக்கிறது. இவ்வளவு ஒழுங்கு ஒரு சடங்குக்கு ஏற்பட வேண்டுமானால் அது நெடுங்காலம் பயின்று வந்திருக்க வேண்டும்.

அண்ணாமலை வட்டாரத்துக்கு நேரடியான சான்று மலைபடுகடாம். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பெருங்கௌசிகனார், பாதை பிரியுமிடங்களில் பெயர் பொறித்து நட்ட கற்கள் எண்ணற்று நிற்கும் என்கிறார். அங்கே யாழிசைத்து வணங்கிப் போகச் சொல்கிறார். வழிப்போக்கர் கண்ணில் படும் இடத்தில் கல் நிற்கிறது; முன்பின் அறியாதவரும் வீழ்ந்தவனின் பெயரைப் படிக்கிறார்கள். கல் நட்டதன் பயனே அதுதான் எனத் தோன்றுகிறது.

பல்லவர் காலத்துக்கு வரும்போது செய்தி விரிவடைகிறது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1972இல், இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து, ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதியை வெளியிட்டது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலம் தொட்டுப் பல கற்கள் அதில் இடம்பெற்றன. எழுத்து வட்டெழுத்து. எடத்தனூர்க் கல் இவற்றுள் தனிச் சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் சேவகன் கருந்தேவகத்தி எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான் என்கிறது கல்வெட்டு. அதோடு நிற்கவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்து அவனருகே காத்திருந்ததையும் தனி வாசகமாகப் பொறித்திருக்கிறார்கள். வீரனோடு நாயும் சிற்பத்தில் இருக்கிறது.

இக்கல்வெட்டின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலில் வேந்தனும் ஆட்சியாண்டும், அடுத்து வீரன் யாரிடம் பணிசெய்தான் என்பது, பிறகு அவன் பெயர், கடைசியாக எதற்காக எப்படி விழுந்தான் என்பது. இப்பகுதி நடுகற்கள் பலவற்றில் இந்த வரிசையே காணப்படுகிறது. பல்லவப் பேரரசன் இங்கே காலக்கணக்குக்காக வருகிறான். கல்லின் நடுவில் நிற்பவன் எருமை காத்த சேவகன்தான். ஏழாம் நூற்றாண்டில் அரண்மனையோ கோயிலோ சாராத ஒரு மனிதனின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் நடுகல் வழியாகத்தான் தெரிகிறது. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. உதிரப்பட்டி என்று அந்த நிலத்தைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கற்களில் பல இன்று வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எழுத்தைப் படிக்க மறந்த தலைமுறைகளும் பொங்கல் வைக்க மறக்கவில்லை.

சோழர் காலத்துக்குப் பின் நடுகல்லின் செல்வாக்கு குறைந்து, நினைவு கோயிலை நோக்கி நகர்ந்தது. அண்ணாமலையில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு போசள மன்னன் மூன்றாம் வல்லாளன். திருவண்ணாமலையைத் தலைமை இடங்களுள் ஒன்றாகக் கொண்டு ஆண்ட அவன், முதிய வயதில் மதுரை சுல்தானுடன் கண்ணனூர்க் கொப்பத்தில் போரிட்டுப் பிடிபட்டு 1342இல் கொல்லப்பட்டான். அவன் உடலுக்கு நேர்ந்த கொடுமையை இபன் பதூதா எழுதிவைத்திருக்கிறார். பிள்ளையில்லாத மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்கிறது தலமரபு. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் இக்கதையைப் பாடுகிறது. இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். போரில் மாண்ட ஒருவனுக்கு இறைவனே நீர்க்கடன் செய்வதைவிட உயர்ந்த மரியாதையை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த மரியாதை மன்னனுக்கு. அவனோடு கொப்பத்தில் விழுந்த படைவீரர் ஒருவரின் பெயரையும் இந்த மரபு சுமந்து வரவில்லை.

கம்பெனி ஆட்சியில் பதக்கம் வந்தது. 1837இல் இந்தியச் சிப்பாய்களுக்கென ஆர்டர் ஆஃப் மெரிட் ஏற்படுத்தப்பட்டது. விக்டோரியா கிராஸ் பெறும் உரிமை இந்தியருக்கு 1911இல்தான் கிடைத்தது. பதக்கம் பெற்ற சிலருக்குப் பெயர் இருந்தது. மற்றவர் எண்ணாக மாறினர். முதல் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றில் பதித்த கல்வெட்டுகள் இதற்குச் சாட்சி. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதோடு வாசகம் முடிகிறது. யார், எங்கே, எப்படி என்று ஒன்றுமில்லை. நாயின் பெயரைக்கூடப் பொறித்த நாட்டில் மனிதனின் பெயர் விடுபட்டது பெரும் இழப்பு.

குடியரசின் பதக்கங்களில் அந்தப் பெயர் திரும்புகிறது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும்படி நிறுவப்பட்டன. பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 14 பேர் இறந்தபின் பெற்றவர்கள். மகார் படைப்பிரிவின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இந்திய அமைதிப் படையின் போரில் மார்பில் குண்டு பாய்ந்த பின்னும், எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, இறக்கும்வரை தன் வீரர்களுக்குக் கட்டளையிட்டவர். அந்தப் போர் தமிழருக்குத் தந்த வேதனை தனி ஆய்வுக்குரியது. தன் படையினரைக் காக்க அவர் செய்த தியாகத்தை அந்த வேதனை சிறிதும் குறைத்துவிடாது.

பீகார் படைப்பிரிவில் பணியாற்றிய மேஜர் சரவணன் திருச்சி நன்கறிந்த பெயர். 1999 மே 29 அன்று, கார்கில் போரின் தொடக்க நாட்களில், படாலிக் பகுதியின் 4268ஆம் முனையைத் தாக்கினார். ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்கு குழியைத் தகர்த்தார். காயம்பட்டும் பின்வாங்காமல் போரிட்டு உயிர்நீத்தார். அவர் உடல் ஒரு மாதத்துக்கு மேல் பனிமலையில் கிடந்தது. அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். 2020 ஜூன் 15 இரவு கல்வானில், சீனப் படையுடன் துப்பாக்கிச் சூடின்றி நடந்த மோதலில், கூரிய ஆயுதங்களால் தாக்கப்பட்டும் சகவீரர்களைக் காக்க நின்று மாண்டார். அவருக்கும் வீர் சக்ரா.

பழனியின் பாராட்டுரையையும் கருந்தேவகத்தியின் கல்வெட்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒற்றுமை தெளிவாகும். காலம், படைப்பிரிவு, பெயர், காக்க நின்ற பொருள், விழுந்த விதம் என்று இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசையில் செல்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதென்று நான் வாதிடவில்லை. வீழ்ந்தவனுக்கு நியாயம் செய்ய நினைப்பவர் எக்காலத்திலும் சொல்லியாக வேண்டிய செய்திகள் இவையே என்பதுதான் என் துணிபு.

ஒரு வேறுபாடு கவலை தருகிறது. 2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டன. அங்கே பெயர் நிற்கிறது, ஆனால் ஊருக்கு வெகு தொலைவில். விழுந்த விதத்தைச் சொல்லும் பாராட்டுரையோ அரசுப் பதிவுகளில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைபோல வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்து ராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்ற ஊர்கள் வடதமிழகத்தில் உண்டு. செங்கத்துக் கற்களைத் தேடிப் படித்துப் பதிப்பித்ததுபோல, 1947க்குப் பின் வீரப் பதக்கம் பெற்ற தமிழர் அனைவரின் பாராட்டுரைகளையும் தமிழில் தொகுக்க வேண்டும். அந்தந்த வீரரின் ஊர்ப் பொதுவழியில் அதைக் கல்லில் வெட்டி நிறுத்தும் பணியை ஊராட்சிகள் ஏற்க வேண்டும்.