பிழையின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் என் ஊர். வயல்கள் சூழ்ந்திருந்த அப்பகுதியில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. எங்கள் தெருவில் வாழும் இளைஞன் ஒருவன் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, வாடிய முகத்துடன் திரும்பினான். "விடை தெரியும் ஐயா, ஆங்கிலத்தில் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றான். தொழிலில் தேர்ந்தவன் அவன்; அவனை வென்றது அச்சமே. அவ்வச்சத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டி வாணிகம் தொடங்கிய பதினேழாம் நூற்றாண்டில், இரு தரப்பாருக்கும் இடையே நின்று பேசியவர்கள் துபாஷிகள். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். பிற்காலத்தில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியாரும் இப்பணியினரே. அவர்களுக்கு ஆங்கிலம் தொழிலுக்கு உதவும் ஒரு கருவி.

ஆங்கிலேயரும் நம் மொழிகளைக் கற்க வேண்டியிருந்தது. எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றிற்று. இளம் ஆங்கில அதிகாரிகள் அங்கே நம் நாட்டுப் புலவர்களிடம் மாணவராய் அமர்ந்து தமிழும் தெலுங்கும் பயின்றனர். 'நாம்', 'நாங்கள்' என்னும் இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆதலின் அவ்விடத்தில் அவர்கள் இடறுவது இயல்பேயன்றோ?

பின்னர்க் காற்று திசை மாறிற்று. 1835-இல் மெக்காலேயின் குறிப்பை ஒட்டிப் பெண்டிங்கு பிரபு ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவை அளித்தார். ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப் பணியில் முதலிடம் என்று 1844-இல் ஹார்டிஞ்சு பிரபு அறிவித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. கருவியாயிருந்த மொழி தகுதியின் அளவுகோலாயிற்று. பிழையும் இழிவாகக் கருதப்படலாயிற்று. இந்தியர் ஆங்கிலத்தில் செய்யும் மரபுப் பிழைகளை ஆராய்ந்து, ஒயிட்வொர்த் என்பவர் 1907-இல் தனி நூலே வெளியிட்டார்.

அதே 1907-இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர் சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் கற்றுத் திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய அவரை, வெள்ளி நாவு படைத்தவர் என்று உலகம் போற்றிற்று. நம் மண்ணில் பிறந்த நாவுக்கு ஆங்கிலம் எட்டாதது அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அப்படியாயின் பிழை ஏன் நேர்கிறது? "நீ வருவாய், அல்லவா?", "அவர்கள் வந்தார்கள், அல்லவா?" என எவ்விடத்தும் தமிழில் 'அல்லவா' பொருந்தும். ஆங்கிலத்திலோ அவ்வினா இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மாறும். இதை மறந்து எங்கும் 'இஸின்ட் இட்' என்கிறோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்னும் பழக்கத்தால் 'டிஸ்கஸ்' என்ற சொல்லின் பின் 'அபௌட்' சேர்க்கிறோம். அச்சொல்லிலேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது.

எல்லாப் பழியையும் தாய்மொழிமேல் சுமத்துவதும் முறையன்று. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று ஒருமையில் சொல்வது பிழை. 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழில் எண்ணிப் பார்த்தாலே பன்மை வேண்டும் என்பது விளங்கும். தமிழைத் தெளிவாக உணர்ந்தவனுக்கு அதுவே துணை நிற்கும்.

மரபுத்தொடர்களோ வேறு வகை. பெருமழையை நாம் பேய்மழை என்கிறோம்; ஆங்கிலேயர் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்கின்றனர். நம் வழக்கில் பேயைத் தேடுவதும், அவர் வழக்கில் பூனையைத் தேடுவதும் வீண். அத்தொடரை முழுமையாக, அது வழங்கும் இடத்தோடு சேர்த்துக் கற்க வேண்டும்.

அந்த இளைஞனுக்கு நான் சொன்னது இதுதான்: "ஒரு குறிப்பேடு வைத்துக்கொள். நாள்தோறும் உன் பிழைகளில் மூன்றை எழுது. ஒவ்வொன்றின் எதிரிலும் திருத்தத்தையும், பிழை நேர்ந்த காரணத்தையும் எழுது. பிறகு அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகு."

குறிப்பேட்டில் இப்போது பல பக்கங்கள் நிரம்பியுள்ளன. மாணவ நண்பர்களே, பேசியவன் பிழையைத் திருத்த வழியுண்டு. பேசாதவன் பிழையை யார் திருத்துவது?